காலண்டரில் அச்சிடாத வசனங்கள்

ஐயாவுக்கு வணக்கம்.

தங்கச்சிமடத்திலிருந்து எழுதுகிறேன். என் அண்ணன் விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். எல்லை தாண்டியதாகப் பிடித்து யாழ்ப்பாணம் சிறையில் வைத்திருக்கிறார்கள். வாய்தா தள்ளிக்கொண்டே போகிறது. வரும் ஞாயிறு திருவருகைக்காலம், அதாவது கிறிஸ்துமஸுக்குத் தயாராகும் காலம், தொடங்குகிறது. பங்கில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் அன்பியக் கூட்டத்தில் எல்லோரும் "இது ஆண்டவருடைய திட்டம், நம்பு" என்கிறார்கள். வேதத்திலிருந்து எரேமியா 29:11 வசனம் வாட்ஸ்அப்பில் வந்துகொண்டே இருக்கிறது. நம்பத்தான் பார்க்கிறேன். ஆனால் செபமாலையைக் கையில் எடுத்தாலே கோபம் வருகிறது. அண்ணன் பிள்ளைகள் கேட்டும், அவர் வரும்வரை குடில் வைப்பதில்லை, ஒருவேளை சாப்பிடுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். மதினி மனு எழுதிக்கொண்டு மீன்துறைக்கு அலைந்தார்கள். ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்று சொல்லி நிறுத்திவிட்டேன். இந்தக் காலத்துக்கு நான் எப்படி ஆன்மிகமாகத் தயாராவது? பெயர் போட வேண்டாம், ஐயா.

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதம் வந்தபோது என் மேசையில் எரேமியா 29ஆம் அதிகாரம்தான் திறந்து கிடந்தது. இதையும் ஆண்டவருடைய திட்டம் என்று சொல்லிவிடாதே. வாடைக்காலத்து மழையில் வீட்டில் அடைந்து கிடக்கும் கிழவன் எதையாவது படிப்பான், அவ்வளவுதான்.

சின்ன விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். குடில் வை; பிள்ளைகள் என்ன பாவம் செய்தார்கள்? சாப்பாட்டை விடுவது பற்றி உன் பங்குச் சாமியாரைக் கேட்டுக்கொள். வெறும் வயிற்றில் கோபம் கூடுமே தவிரக் குறையாது என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

மதினியை நிறுத்தினாயே, அந்த அதிகாரத்தை உனக்கு யார் கொடுத்தது? சிறையில் இருப்பது அவளுடைய புருஷன். பாம்பன் துறைமுகத்தில் மூன்றாம் எண் கூண்டு ஏறினால் உன் அண்ணன் என்ன செய்வார்? கூடுதல் கயிறு போட்டுப் படகை இழுத்துக் கட்டுவார், பக்கத்துப் படகோடு மோதாமல் நடுவில் டயரைத் தொங்கவிடுவார், வலையைக் கரைக்கு ஏற்றுவார். மாதாவிடம் வேண்டுவதும் உண்டு, கயிறு இழுக்கும்போதே. திருவருகைக்கால முதல் ஞாயிறன்று கோயிலில் வாசிப்பது விழித்திருங்கள் என்ற நற்செய்திதான். நீயோ விழித்திருந்த ஒருத்தியையும் படுக்கப் போட்டுவிட்டாய்.

சரி, எரேமியாவுக்கு வருகிறேன். உங்களுக்காக நான் வகுத்திருக்கும் திட்டங்கள் எனக்குத் தெரியும், அவை கேட்டுக்கானவை அல்ல, நல்வாழ்வுக்கானவை என்று சொல்லும் அந்த 11ஆம் வசனம் இல்லாத கிறிஸ்தவ வீடு நம் கரையில் குறைவு. காலண்டரில் இருக்கிறது, படகின் முகப்பில் இருக்கிறது, கல்யாணப் பத்திரிகையில்கூட இருக்கிறது. அது ஒரு கடிதத்தின் நடுவில் வரும் வரி என்பதை யாரும் சொல்வதில்லை. யாருக்கு எழுதிய கடிதம்? பிடிபட்டுப் போனவர்களுக்கு. கி.மு. 597இல் யூதாவின் அரசன் எக்கோனியாவோடு பாபிலோனுக்கு இழுத்துச் செல்லப்பட்டவர்களுக்கு எருசலேமிலிருந்து இறைவாக்கினர் எரேமியா எழுதி அனுப்பியது. உன் அண்ணனைப் போல அவர்களும் அக்கரையில் கைதிகள்.

அதற்கு முந்தைய அதிகாரத்தில் அனனியா என்று ஒருவன் வருகிறான். இரண்டே ஆண்டில் எல்லோரும் திரும்பிவிடுவார்கள் என்று கோயிலில் நின்று அடித்துச் சொல்கிறான். கேட்க எவ்வளவு இனிப்பாக இருந்திருக்கும்! எரேமியா அதை மறுக்கிறார். எழுபது ஆண்டு ஆகும் என்கிறார். அதுதான் 10ஆம் வசனம். அதை எந்தக் காலண்டரும் அச்சிடாது. 5ஆம் வசனத்தையும் அச்சிடாது: வீடு கட்டுங்கள், குடியிருங்கள், தோட்டம் போடுங்கள், விளைந்ததைச் சாப்பிடுங்கள். 6ஆம் வசனத்தில் கல்யாணம் முடித்துப் பிள்ளை பெறச் சொல்கிறார். இவ்வளவையும் சொன்ன பிறகுதான் திட்டத்தைப் பற்றிய பேச்சே வருகிறது. உனக்கு 11ஐ அனுப்பியவர்களிடம் 5ஆம் வசனத்தைத் திருப்பி அனுப்பு. அப்புறம் யாராவது அரிசியோடு வருகிறார்களா பார்.

7ஆம் வசனம் இன்னும் கசப்பு. உங்களைச் சிறைபிடித்து வைத்திருக்கும் நகரத்துக்காகவும் மன்றாடுங்கள் என்கிறது. யாழ்ப்பாணத்து மீனவனையும் உன் செபத்தில் சேர்த்துக்கொள். நம் இழுவைமடி அவனுடைய வலையை அறுத்ததும் நடந்ததுதானே. இதைச் சொன்னால் நம் ஊரில் என்னை அடிக்க வருவார்கள், வரட்டும்.

இந்தத் திட்டப் பேச்சின் மீது எனக்கு இருக்கும் வெறுப்பு பழையது. 1964 டிசம்பர் 22 இரவு. தனுஷ்கோடி அழிந்தது; பாம்பனிலிருந்து போன ரயில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களோடு கடலுக்குள் போனது. என் பெரியப்பா தலைமன்னார் கப்பலுக்குச் சுமை ஏற்றுகிறவர். திரும்பவில்லை. கிறிஸ்துமஸ் முடிந்து துக்கம் கேட்க வந்தவர்களில் ஒருத்தி பெரியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "மூணு வாரத்துக்கு முன்னாடி பிரசங்கத்துலயே வந்துச்சே, கடல் முழங்கும், அலை கொந்தளிக்கும்னு. ஆண்டவர் முன்கூட்டியே சொல்லிட்டார். எல்லாம் அவர் திட்டம்."

பெரியம்மா கையை உருவிக்கொண்டாள். "அது வருசா வருசம் வாசிக்கிறதுதானே. போன வருசம் வாசிச்சப்ப நீ எங்க இருந்த?"

எழுதப் படிக்கத் தெரியாதவள். ஆனால் அவள் சொன்னது சரி. அன்றைய வழிபாட்டு முறையில் திருவருகைக்கால முதல் ஞாயிறுக்கு ஆண்டுதோறும் லூக்கா 21தான். 1964 நவம்பர் 29 அன்று வாசித்ததும் அதுதான், புயலே வராத ஆண்டுகளில் வாசித்ததும் அதுதான். இப்போது மூன்று ஆண்டுக்கு ஒருமுறை வருகிறது. செத்தவனுக்குப் பின்னால் நின்றுகொண்டு வசனத்தைப் பொருத்திப் பார்ப்பதற்குப் பக்தி வேண்டாம், கொஞ்சம் கல்நெஞ்சு இருந்தால் போதும். சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்ததைப் பற்றிப் பேசும்போது, அவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகள் என்றா நினைக்கிறீர்கள் என்று இயேசுவே கேட்கிறார். நம் ஆட்களுக்கு அது காதில் விழுவதே இல்லை.

அதே பெரியம்மா அடுத்த ஞாயிறு பூசைக்குப் போனாள். சாகும்வரை போனாள். ஒவ்வொரு டிசம்பரும் கடற்கரை மணல் அள்ளி வந்து குடில் வைப்பாள். மாதாவின் கணவரான சூசையப்பரின் சுரூபம் ஒன்று அவளிடம் இருந்தது; அதற்கு ஒரு கை உடைந்திருக்கும். அவரை மட்டும் குழந்தைக்கு முதுகு காட்டி, வாசலைப் பார்த்து நிறுத்துவாள். நாங்கள் சிரித்துக்கொண்டே திருப்பி வைப்போம். திட்டுவாள்: "காவலுக்கு நிக்கிறவரு உள்ளயா பார்ப்பாரு?" மத்தேயு நற்செய்தியில் சூசையப்பர் ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை. கனவில் எச்சரிக்கை வந்ததும் இரவோடு இரவாக எழுந்து, குழந்தையையும் தாயையும் கூட்டிக்கொண்டு எகிப்துக்குப் போய்விடுகிறார். ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்று அவர் படுத்திருந்தால் குழந்தையைக் கொல்லத் தேடிய ஏரோது அரசனின் ஆட்கள் வந்திருப்பார்கள்.

உன் கோபத்தைப் பற்றிச் சொல்ல மறந்தே போனேன் பார். கோபத்தோடேயே செபமாலையை எடு. 88ஆம் திருப்பாடலை வாசித்துப் பார், கடைசி வரிவரை இருட்டுதான். ஆறுதலே இல்லாமல் முடிகிறது. அதையும் செபம் என்றுதான் வேதத்தில் சேர்த்திருக்கிறார்கள். நல்ல பிள்ளையாக நடித்துக்கொண்டு ஆண்டவர் முன்னால் போய் உட்காராதே. அழுகை வந்தால் அழு, திட்ட வந்தால் திட்டு.

திங்கட்கிழமை காலையில் மதினியோடு நீயும் கிளம்பு. முதலில் அவளிடம் மன்னிப்புக் கேள். அண்ணனின் ஆதார் நகல், மீனவர் அட்டை, படகின் பதிவு எண், பிடிபட்ட தேதி எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொள். சிறையில் இருப்பவர்களின் குடும்பத்துக்கு அரசு கொடுக்கும் தினப்படி உதவிக்கு மனு போட்டாயிற்றா என்று கேள். படகு உரிமையாளர் சங்கத்திலும் போய் உட்காருங்கள், வக்கீல் யார் என்று தெரியாமல் எழுந்து வராதீர்கள். அடுத்த வாய்தா தேதி தெரிந்ததும் எனக்கு ஒரு வரி எழுது.