பெரிய பல் செயின் போட்டால் சீக்கிரம் வெட்டுமா?

கேள்வி: ஐயா, வணக்கம். பெங்களூருக்குப் பக்கத்தில் ஆனேக்கல் தாலுகாவில் இரண்டரை ஏக்கர் வைத்திருக்கிறேன். அப்பா காலத்து நீலகிரி (யூகலிப்டஸ்) மரங்களை எடுத்துவிட்டு மா வைக்கலாம் என்று 50 சிசி மரம் அறுக்கும் மிஷின் வாங்கினேன். செயின் சுற்றி ஓடும் தகடு, அதாவது பார், 18 அங்குலம். முதலில் வெண்ணெய் மாதிரி வெட்டியது. கட்டை மறுபடி துளிர்க்கக் கூடாது என்று அடிமரங்களைத் தரையோடு தரையாக அறுத்தேன். அதிலிருந்து மாவு மாதிரி தூள்தான் வருகிறது, புகை கிளம்புகிறது. எஸ்.ஜே.பி. ரோட்டில் ஒரு கடைக்காரர், “3/8 செயின் போடுங்க சார், பல்லு பெரிசு, சர்ருனு இறங்கும்” என்று ரோலில் இருந்து வெட்டி ரிவெட் அடித்துக் கொடுத்தார். மாட்டினால் டக்டக் என்று குதிக்கிறது. எந்த சைஸ் செயின் வாங்க வேண்டும்? 22 அங்குல பாராக மாற்றிவிடலாமா? மாட்டுக் கொட்டகை மேல் சாய்ந்திருக்கும் ஒரு பெரிய பலாவையும் எடுக்க வேண்டும். அதன் அடி இரண்டேகால் அடி அகலம் இருக்கும்.

பதில்: வணக்கம். முதலில் அந்த 3/8 செயினைக் கழற்றி வையுங்கள். இனி ஒரு நிமிடம்கூட அதை ஓட்ட வேண்டாம்.

என்ன சைஸ் என்பதைக் கடைக்காரர் சொல்ல வேண்டியதில்லை, உங்கள் பாரே சொல்லும். மிஷினோடு சேரும் பக்கத்தில், பாரின் மேல் மூன்று எண்கள் குத்தியிருக்கும். எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துவிட்டுப் பாருங்கள். ஒன்று பிட்ச், அதாவது செயின் கண்ணிகளின் இடைவெளி, அங்குலக் கணக்கில். இன்னொன்று கேஜ், அதாவது பாரின் காடிக்குள் ஓடும் அடிப்பல்லின் கனம். மூன்றாவது அந்த அடிப்பற்களின் எண்ணிக்கை. உங்கள் ரக மிஷினில் பெரும்பாலும் .325 பிட்ச், .058 கேஜ், 72 அடிப்பல் என்று இருக்கும். கேஜ் .050 ஆகவும் இருக்கலாம். பல் எண்ணிக்கை கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அதனால் “18 இன்ச் செயின் கொடுங்க” என்று கேட்டு வாங்காதீர்கள். எண் அழிந்திருந்தால் பழைய செயினில் அடுத்தடுத்த மூன்று ரிவெட்டுகளின் நடுவுக்கு நடு அளந்து பாதியாக்குங்கள். பாதியாக்கும் முன் கிட்டத்தட்ட 16.5 மில்லிமீட்டர் வந்தால் .325. கிட்டத்தட்ட 19 வந்தால் 3/8.

செயினை இழுக்கும் பல்சக்கரமான உங்கள் கிளட்ச் ஸ்ப்ராக்கெட் .325-க்கு வெட்டப்பட்டது. பார் மூக்கில் இருக்கும் சின்னச் சக்கரமும் அப்படித்தான். அதில் 3/8 செயின் உட்காராமல் பல்லுக்குப் பல் ஏறி ஏறித்தான் குதிக்கும். ஓட்டிய அளவுக்கு ஸ்ப்ராக்கெட் பல் தேய்ந்திருக்கிறதா, மூக்குச் சக்கரம் தடையில்லாமல் சுற்றுகிறதா என்று பாருங்கள். 3/8 தான் வேண்டும் என்றால் ஸ்ப்ராக்கெட், பார், செயின் மூன்றையும் மாற்ற வேண்டும். அப்படி மாற்றினாலும் 50 சிசி இன்ஜின் அந்தப் பெரிய பல்லை மரத்துக்குள் இழுக்கத் திணறும். அது பெரும்பாலும் பெரிய மிஷினுக்கான சமாசாரம். எந்த மிஷினுக்கும் எந்த செயினும் பொருந்தும் என்று ரோலில் இருந்து வெட்டிக் கொடுப்பவர் விற்பது செயினை அல்ல, கையிருப்பில் இருக்கும் சரக்கை. ரோலில் வெட்டி வாங்குவதில் தப்பில்லை, கடைக்குப் போகும்போது பழைய செயினையும் பாரையும் கையில் எடுத்துப் போங்கள். ரிவெட் அடிப்பதற்கு முன் அடிப்பற்களை நீங்களே எண்ணுங்கள்.

ஆனால் உங்கள் கடிதத்தில் நீங்கள் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று இருக்கிறது. நன்றாக வெட்டிய செயின் ஏன் நின்றது? சைஸ் மாறியதால் அல்ல. தரையோடு அறுத்தீர்களே, அதனால். கூரான செயின் மண்ணில் ஒரு தடவை உரசினால் போதும், பல் முனை போய்விடும். அதன் பிறகு அது மரத்தைச் சீவாது, தேய்க்கத்தான் செய்யும். மாவும் புகையும் அதன் அடையாளம். கூர் இருந்தால் சீவல் சீவலாக விழும். தவிர, தரையோடு அறுத்தால் நீலகிரி துளிர்க்காது என்பது வெறும் நம்பிக்கை. அடியில் கொஞ்சம் கட்டை இருந்தாலே துளிர்க்கும். கர்நாடகத்தில் 2017-லேயே புது நீலகிரி நடவுக்குத் தடை வந்தும் தோப்புகள் நிற்பது இப்படித்தான். முழங்கால் உயரத்தில் அறுத்துவிட்டு, கட்டையை ஜேசிபி வைத்து வேரோடு பிடுங்குங்கள்.

ஆக, புது செயின் வாங்கும் முன் பழைய செயினைக் கூர்தீட்டிப் பாருங்கள். அது செத்துப்போகவில்லை என்றே நினைக்கிறேன். கூர்தீட்டுவதற்குக் கடைக்குக் கொண்டுபோகாதீர்கள். பெரும்பாலான கடைகளில் கிரைண்டர் கல்லில் அழுத்தி ஒரே இழுப்பில் முடித்துவிடுவார்கள். பல் நீலம் பாரித்து வந்தால் பதம் போய்விட்டது என்று அர்த்தம், அடுத்த மரத்திலேயே மொட்டையாகும். கல்லில் ஒரு தடவையில் தேய்ந்துபோவது, கை அரத்தில் பல தடவை தீட்டினால் தேய்கிற அளவு.

.325 செயினுக்கு 4.8 மில்லிமீட்டர் உருண்டை அரம். அரம் வாங்கும்போது இந்த அளவில் சமரசம் வேண்டாம், 5.5 எடுத்தால் பல்லின் வளைவே கெட்டுவிடும். பார்மேல் செயின் இறுக்கமாக இருக்கட்டும். பல்லின் மேல்பக்கத்தில் குத்தியிருக்கும் கோட்டுக்குச் சரியாக, பெரும்பாலும் 30 டிகிரியில், உள்ளிருந்து வெளியே தள்ளுங்கள். திரும்பி வரும்போது அரத்தைத் தூக்கிவிட வேண்டும், முன்னும் பின்னும் ராவக் கூடாது. அரத்தின் ஐந்தில் ஒரு பங்கு பல்லுக்கு மேலே தெரிய வேண்டும். எந்தப் பல் மிகக் குட்டையாக இருக்கிறதோ அதிலிருந்து ஆரம்பித்து, எல்லாப் பல்லையும் அதே நீளத்துக்குக் கொண்டுவாருங்கள். ஒரு பக்கப் பல் நீளமாகவும் மறுபக்கம் குட்டையாகவும் போனால் வெட்டு வளைந்து போகும். அதை பார் வளைந்துவிட்டது என்று சொல்லிப் புது பார் தலையில் கட்டுவார்கள். பல்லுக்கு முன்னால் சின்னத் திமில் மாதிரி இருக்கிறதே, ரேக்கர், அது பல் முனையைவிட 0.65 மில்லிமீட்டர் தாழ்ந்திருக்க வேண்டும். அதைத் தட்டை அரத்தால் அளவு பார்த்துத்தான் தேய்க்க வேண்டும். அதிகமாகத் தேய்த்தால் செயின் மரத்தைக் கடித்துப் பிடித்து மிஷின் உதறும். டேங்கில் எண்ணெய் ஊற்றும் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு பல்லுக்கும் இரண்டு மூன்று இழுப்பு. இதைச் செய்தால் நீலகிரி தோப்பு முழுவதும் இந்த ஒரே செயினில் முடியும் என்று தாராளமாக எதிர்பார்க்கலாம். புது செயின் வாங்கினால் உளிமுனைப் பல்லைவிட வட்டமுனைப் பல்லே வாங்குங்கள். வேகம் கொஞ்சம் குறைவு, மண்ணும் பட்டையும் ஒட்டிய மரத்துக்கு அதுதான் தாங்கும்.

பாருக்கு வேஸ்ட் ஆயில் போதும் என்பார்கள். அதில் இருக்கும் உலோகத்தூள் காடியைத்தான் தின்னும். நல்ல பார் ஆயிலே ஊற்றுங்கள்.

22 அங்குல பார் வேண்டாம். நீளம் கூடினால் சுமை கூடும், இன்ஜின் சூடாகும். இரண்டேகால் அடி அகல மரத்தை 18 அங்குல பாரால் இரண்டு பக்கமிருந்தும் அறுத்து முடிக்கலாம். பார் நுனியின் மேல்பாதி மட்டும் எதிலும் படக் கூடாது, அங்கே பட்டால் மிஷின் முகத்துக்கு எகிறும். லுங்கி கட்டிக்கொண்டு அறுக்கவும் வேண்டாம்.

அந்தப் பலாவை மட்டும் நீங்கள் தொடாதீர்கள். சாய்ந்த மரம் எந்தப் பக்கம் இழுக்கும், எப்போது பாரைக் கவ்வும் என்பது அனுபவக்காரருக்கே பிடிபடும் வேலை. கொட்டகையில் மாட்டை அவிழ்த்துவிட்டு, கயிறு கட்டி மேலிருந்து கிளை கிளையாக இறக்குபவரைக் கூப்பிடுங்கள். அதற்கு முன்னால் கர்நாடக மரப் பாதுகாப்புச் சட்டம் 1976-இன் கீழ் அனுமதி வேண்டுமா என்று வனத்துறை ரேஞ்ச் ஆபீசில் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.