25 நாள் நாற்றை ஒற்றையாக நட்டால் தூர் ஏன் கட்டாது?

வணக்கம். திருந்திய நெல் சாகுபடியில் (இளநாற்றை ஒற்றையாகச் சதுரத்தில் நடும் முறை) இறங்கி, ஆற்றுத் தண்ணீர் தாமதமானதால் 25 நாள் நாற்றைக் குத்துக்கு ஒன்றாக நட்டதாகவும், தூர் (அடியிலிருந்து கிளைக்கும் பக்கத்தண்டு) கட்டாமல் களை மண்டியதாகவும் எழுதியிருக்கிறீர்கள். கோளாறு நாற்றின் வயதில்தான். நான்காம் இலை விரியும்போது முதல் தூர் கிளம்பும். அந்த வேளையைப் பயிர் நாற்றங்கால் நெரிசலிலேயே கழித்துவிட்டது. பறிக்கும்போது வேரும் அறுந்திருக்கும்.

அடுத்த போகத்தில் தண்ணீர் வரும் தேதி உறுதியான பிறகே விதையை ஊறவையுங்கள். ஏக்கருக்கு 3 கிலோ விதை, ஒரு சென்ட் பாய் நாற்றங்கால் (பாய்போல மெல்லிய மண்பரப்பில் நாற்று வளர்ப்பது) போதும். 14ஆம் நாள் மண்ணோடு எடுத்து, வேர் காயுமுன் 22.5 சென்டிமீட்டர் சதுரத்தில் நடுங்கள். கயிறு பிடிக்காமல் கண்மதிப்பில் நட்டால் சதுரம் கோணும். கோனோவீடர் (கையால் தள்ளும் உருளைக் களைக்கருவி) குறுக்கே ஓடாது, களைக்கூலி மறுபடி தலையில் விழும். நட்ட 10ஆம் நாள் முதல் ஓட்டம், பிறகு பத்து நாளுக்கொரு முறை, மொத்தம் நான்கு. அப்போது மெல்லிய தண்ணீர் நிற்கட்டும். காய்ந்த மண்ணில் உருளை சுழலாமல் இழுபடும். மற்றபடி மயிரிழை வெடிப்பு கண்டதும் 2.5 சென்டிமீட்டர் பாய்ச்சுங்கள்.

ஆள்கூலி கேட்டிருந்தீர்களே: பழகாத ஆட்கள் என்றால் முதல் வருஷம் நடவுக்கூலி கூடத்தான் செய்யும். செலவு மிச்சமாவது விதையிலும் களையெடுப்பிலும். தண்ணீர் நிச்சயமில்லாத வருஷம் இந்த முறையே வேண்டாம். முதிர்ந்த நாற்றென்றால் குத்துக்கு 2–3 ஆக நெருக்கி நடுங்கள்.