பக்கத்துத் தென்னையில் இடி விழுந்தது. வீட்டுக்கு இடிதாங்கி வைக்கலாமா?

கேள்வி: அலங்காநல்லூர் பக்கம் தோப்புக்குள் மாடி வீடு கட்டி மூன்று வருடம் ஆகிறது, ஐயா. போன சித்திரையில் கோடை மழை பெய்தபோது, வீட்டிலிருந்து நாற்பதடி தள்ளி நின்ற தென்னையில் இடி விழுந்து மரம் கருகிவிட்டது. அதே நேரத்தில் டிவியும் போர் மோட்டாரும் போய்விட்டன. இப்போது ஒருவர் வந்து, வெளிநாட்டு அரெஸ்டர் (ஒரு வகை இடிதாங்கி) ஒன்றை மாடியில் வைத்தால் நூறு மீட்டர் சுற்றுக்குப் பயமில்லை, 85,000 ரூபாய் ஆகும் என்கிறார். பக்கத்துத் தோட்டத்துப் பெரியப்பாவோ, கம்பி வைத்தால் இடியை வீட்டுக்குக் கூப்பிட்ட மாதிரி என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: அந்த 85,000 ரூபாயைக் கொடுக்காதீர்கள். முன்பணம்கூட வேண்டாம்.

உங்கள் டிவியும் மோட்டாரும் போனது வீட்டின் மேல் இடி விழுந்ததால் அல்ல. தென்னையில் இறங்கிய மின்சாரம், அக்கம்பக்கத்து ஈபி லைனிலும் கேபிள் ஒயரிலும் கண்ணிமைக்கும் நேரத்தில் பல ஆயிரம் வோல்ட்டைத் தூண்டிவிட்டது. அது ஒயர் வழியாகவே உள்ளே வந்துவிட்டது. போர் மோட்டார் ஆழத்தில் தண்ணீருக்குள் கிடக்கிறது. தோட்டத்தில் அதைவிட நல்ல எர்த் கிடையாது என்பதால் அந்த மின்சாரம் அதைத்தான் தேடிப் போகும். மாடியில் எந்தக் கம்பி வைத்தாலும் இது நிற்காது. ஸ்டெபிலைசரும் காப்பாற்றாது. ஒயரில் திடீரென்று ஏறும் வோல்ட்டை எர்த்துக்குத் திருப்பிவிடும் சர்ஜ் புரொடக்டரை மெயின் போர்டில் வைக்க வேண்டும். கடையில் எஸ்பிடி என்று கேளுங்கள். மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டியில் இன்னொன்று. இடிதாங்கியும் வைப்பதாக இருந்தால் மெயின் போர்டுக்கு டைப் 1 கேட்டு வாங்குங்கள். முதல் செலவு இதுவாக இருக்கட்டும்.

பெரியப்பாவின் பயத்துக்கு வருகிறேன். மேகத்திலிருந்து மின்னல் ஒரே பாய்ச்சலில் வருவதில்லை. ஐம்பது மீட்டர் அளவுக்கு ஒவ்வொரு படியாக இறங்குகிறது. தரைக்கு நெருங்கி வந்த பிறகுதான் மரமா, வீடா, கம்பியா என்பது முடிவாகிறது. எங்கோ போகிற இடியை உங்கள் மாடிக் கம்பி இழுத்து வராது. உங்கள் வீட்டில் விழ வந்ததை மட்டும், சுவரைப் பிளக்காமல் மண்ணுக்குள் கொண்டு போகும்.

அப்படியானால் நூறு மீட்டர்? இந்த வகைக் கம்பிக்குப் பிரான்ஸில் தனி விதி ஒன்று உண்டு, அதைத்தான் நோட்டீஸில் போட்டுக் காட்டுகிறார்கள். சர்வதேச விதியான ஐஇசி 62305 கம்பியின் நிஜ உயரத்தை மட்டுமே கணக்கில் எடுக்கச் சொல்கிறது. நம் நாடும் அதையே ஏற்றிருக்கிறது. நமது பழைய ஐஎஸ் 2309 சொன்ன கணக்கு இன்னும் எளிது: கம்பி நுனியிலிருந்து 45 டிகிரியில் ஒரு கூம்பு. மாடித் தரைக்கு மேல் ஆறடிக் கம்பி நட்டால், அந்தத் தரையில் சுற்றி ஆறடிக்குத்தான் காவல். இடி பெரும்பாலும் விழுவது கட்டடத்தின் மூலையிலும் விளிம்பிலும். நடுமாடியில் ஒற்றைக் கம்பி நட்டால் மூலைகள் வெறுமையாகவே கிடக்கும். கைப்பிடிச் சுவரைச் சுற்றி ஒரு உலோகப் பட்டையும், மூலைக்கு ஒரு சிறு கம்பியும் போதும்.

காசைப் போட வேண்டிய இடம் மண்தான். ஒரு சாதாரண மின்னலில் 30,000 ஆம்பியர் இறங்குகிறது. மின்சாரத்துக்கு எர்த் காட்டும் எதிர்ப்பு பத்து ஓம் என்றே வைத்துக்கொள்வோம். பெருக்கினால் மூன்று லட்சம் வோல்ட். அந்த ஒரு கணம் இடிதாங்கியின் எர்த் மூன்று லட்சத்தில் நிற்கும். பக்கத்தில் உங்கள் வீட்டு எர்த் தனியாக இருந்தால் அது கிட்டத்தட்ட சைபரில் இருக்கும். இரண்டுக்கும் நடுவே சுவர், குழாய், மோட்டார் பெட்டி, நீங்கள். பொறி அங்கேதான் தாவும். ஆனால் நம் எலக்ட்ரீஷியன்கள், "ரெண்டையும் சேத்தா கரண்டு வீட்டுக்குள்ள வந்துரும் சார்" என்று சொல்லித் தனித்தனியாகவே விட்டுவிடுகிறார்கள். கேட்காதீர்கள். இரண்டையும் மண்ணுக்குள் பட்டை போட்டுக் கட்டாயம் இணைக்கச் சொல்லுங்கள். சேர்த்துவிட்டால் வீடு முழுவதும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கும், தாவ இடமிருக்காது.

மாடியிலிருந்து இறங்கும் பட்டை எதிரெதிர் மூலைகளில் குறைந்தது இரண்டு இருக்கட்டும். செம்பு வேண்டாம், 25க்கு 3 மில்லிமீட்டர் ஜிஐ பட்டை போதும். காரணம் சொல்கிறேன். ஒரு பள்ளிக்கூடத்தில் பார்த்தேன். மேலே கம்பி பளபளவென்று நிற்கிறது. கீழே வரும் செம்புப் பட்டை ஆளுயரத்தில் அறுபட்டு, வெட்டுமுனை பச்சைபூத்திருந்தது. யாரோ பழைய இரும்புக்கடையில் போட்டுவிட்டார்கள். அறுபட்ட முனைக்கு அடியிலேதான் பிள்ளைகள் சைக்கிளைச் சாய்த்து வைத்திருந்தார்கள். அந்தக் கட்டடத்தில் இடி விழுந்தால் மின்சாரம் இறங்கி வந்து நிற்கும் இடம் அதுதான். கம்பியே இல்லாமல் இருப்பதைவிட இது ஆபத்து. கேட்டால், வேலை முடிந்து பில்லும் பாஸாகிவிட்டது, போட்டோ இருக்கிறது என்கிறார்கள். கம்பி நிற்பதற்குத்தான் போட்டோ. எர்த்தை அளந்த காகிதம் யாரிடமும் இல்லை. வருடத்துக்கு ஒருமுறை மீட்டர் வைத்துப் பார்க்க அரை மணி நேரம் ஆகுமா?

இனிமேல் வீடு கட்டப் போகிறவர்களுக்கு ஒன்று. தனிப் பட்டையே தேவையில்லாமல் செய்யலாம். அஸ்திவாரத்துக் கம்பியையும் தூண் கம்பியையும் மேலிருந்து கீழ்வரை தொடர்ச்சியாக வெல்டிங் செய்தோ, உரிய கிளாம்ப் போட்டு இறுக்கியோ விட்டால், தூணே இறங்குபாதை, அஸ்திவாரமே எர்த். திருட ஒன்றும் இருக்காது. ஆனால் கான்கிரீட் போடுவதற்கு முன்னால் செய்ய வேண்டும், கொத்தனார் சும்மா கட்டுக்கம்பி சுற்றிவிட்டு "ஆச்சு" என்றால் ஆகாது, ஒவ்வொரு இணைப்பையும் போட்டோ எடுத்து வைக்க வேண்டும். பிளான் அப்ரூவலுக்கு அலைய விடுகிறார்களே, அதில் ஒரு வரியாக இதைச் சேர்த்திருந்தால் எத்தனை வீடு தப்பித்திருக்கும்! உங்கள் வீடு கட்டி முடிந்துவிட்டதால் வெளிப்பட்டைதான் வழி.

தோப்புக்குள் தனியாக நிற்கும் மாடி வீடு என்பதால், சர்ஜ் புரொடக்டருக்கு அப்புறம் இடிதாங்கியும் வையுங்கள் என்றே சொல்வேன். பெரியாறு வாய்க்கால் பாயும் மண், கொட்டாம்பட்டிப் பாறையைப் போல வேலை வாங்காது. பட்டைக்கு ஒன்றாக, பத்தடிக் கம்பி அடித்து இரண்டு எர்த் குழி போதுமானதாக இருக்கலாம். வேலை எடுப்பவரிடம் எர்த் டெஸ்டரைக் கொண்டுவரச் சொல்லி, உங்கள் கண்முன்னே அளக்கச் சொல்லுங்கள். பத்து ஓமுக்குக் கீழே காட்டினால் மட்டும் பணம். ஐப்பசி மழையில் நனைந்த மண்ணில் எல்லா எர்த்தும் நன்றாகத்தான் காட்டும். கடைசித் தவணையைப் பிடித்து வைத்து, பங்குனி வெயிலில் மண் வெடித்துக் கிடக்கும்போது இன்னொரு முறை அளந்துவிட்டுக் கொடுங்கள்.