எந்தத் துறைக்கு எந்த மேற்கோள் முறை? கேள்விகளும் பதில்களும்

கேள்வி: உளவியலில் ஆய்வேடு எழுதுகிறேன். நெறியாளர் ஏபிஏ என்கிறார். இலக்கியம் படிக்கும் தோழியோ எம்எல்ஏதான் எளிது என்கிறாள். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: நெறியாளர் பேச்சைத்தான். ஏபிஏ, அமெரிக்க உளவியல் சங்கம் வகுத்த முறை. உங்கள் துறையில் ஓர் ஆய்வு எந்த ஆண்டில் வந்தது என்பதே பாதிச் சேதி. அதனால் (செல்வன், 2018) என்று பெயரோடு ஆண்டும் ஒட்டிக்கொண்டு வரும். உங்கள் தோழி சொல்லும் எம்எல்ஏ, அமெரிக்காவின் நவீன மொழிச் சங்கம் வகுத்த முறை. அவளுக்கு அந்த வரி நூலில் எங்கே இருக்கிறது என்பதுதான் தேவை. அவள் (செல்வன் 45) என்று எழுதுவாள்: பெயர், பக்கம், நடுவில் காற்புள்ளிகூடக் கிடையாது. வரியை அப்படியே எடுத்தாளும்போது ஏபிஏவிலும் பக்க எண் வேண்டும்: (செல்வன், 2018, ப. 45). இப்போது நடப்பில் இருப்பது 7ஆம் பதிப்பு. அதில் பதிப்பகத்தின் ஊர்ப் பெயர் தேவையில்லை. மூத்தவர்களின் பழைய ஆய்வேட்டைப் பார்த்து எழுதினால் இங்கேதான் மாட்டிக்கொள்வீர்கள்.

கேள்வி: வரலாற்று மாணவன் நான். அடிக்குறிப்பே பாதிப் பக்கத்தைத் தின்கிறது. அடைப்புக்குறிக்கு மாறலாமா?

பதில்: வேண்டாம். ஆவணக் காப்பகக் கடிதம் ஒன்றைச் சுட்ட எழுதியவர், பெற்றவர், தேதி, கோப்பு எண், பெட்டி எண், காப்பகம் எல்லாம் வேண்டும். இதை அடைப்புக்குறிக்குள் திணித்தால் வாக்கியம் மூச்சுத் திணறும். சிகாகோ பல்கலைக்கழக அச்சகம் வகுத்த சிகாகோ முறையில் இரண்டு வழிகள் உண்டு. அடிக்குறிப்பு வழி உங்களைப் போன்றவர்களுக்கு, ஆசிரியர்-ஆண்டு வழி அறிவியல்காரர்களுக்கு. முதல் குறிப்பில் முழு விவரம் கொடுத்துவிட்டு, அடுத்தடுத்து ஆசிரியர், சுருக்கத் தலைப்பு, பக்கம் மட்டும் போடுங்கள். பாதி இடம் மிச்சமாகும். முந்தைய குறிப்பின் அதே நூல்தான் என்று காட்ட ‘மேலது’ என்று போட்டுத் தப்பிப்பதை நான் ஆதரிப்பதில்லை. நடுவில் ஒரு குறிப்பு நுழைந்தாலே அது வேறு நூலைக் காட்டும்.

கேள்வி: மருத்துவ இதழ் எண் முறை கேட்கிறது. இடையில் ஒரு கட்டுரையைச் சேர்த்தால் எல்லா எண்ணும் மாறுமே?

பதில்: மாறும். 1978இல் மருத்துவ இதழாசிரியர்கள் வான்கூவரில் கூடிப் பேசியதில் பிறந்த முறை அது. முதலில் சுட்டியது 1, அடுத்தது 2. எண்ணைக் கையால் தட்டாதீர்கள். சோட்டீரோ போன்ற மேற்கோள் மென்பொருளிடம் விட்டுவிட்டால் அதுவே வரிசையைத் திருத்தும். ஆனால் அது இணையத்தில் இருந்து இழுத்துவரும் விவரத்தை நம்பிவிடாதீர்கள். ஆசிரியர் பெயர் முழுக்கப் பெரிய எழுத்தில் வரும், இதழ்ப் பெயரின் சுருக்கம் விடுபடும். பட்டியலை ஒருமுறை கண்ணால் பார்த்தே ஆக வேண்டும்.

கேள்வி: மின்னணுவியலுக்கு?

பதில்: ஐஇஇஇ, அதாவது மின், மின்னணுப் பொறியாளர்களின் அமைப்பு வகுத்த முறை. சதுர அடைப்பில் எண், [3] என்பதுபோல். அதே கட்டுரையை மறுபடி சுட்டினாலும் அதே எண்தான்.

கேள்வி: என் ஆய்வு பாதி மொழியியல், பாதி கணினியியல். இரண்டையும் கலக்கலாமா?

பதில்: ஒரே கட்டுரையில் கூடவே கூடாது. எந்த இதழுக்கு அனுப்புகிறீர்களோ அதன் வழிகாட்டியைத் திறந்து பாருங்கள். அங்கே தெளிவில்லை என்றால் அண்மையில் வந்த இரண்டு கட்டுரைகளின் பட்டியலைப் பாருங்கள்.