சூப்பர் ஃபாமிகாம் ஆன் ஆகவில்லையா? முதலில் அடாப்டரைப் பாருங்கள்

மதுரையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "ஜப்பானில் வேலை பார்க்கும் மச்சான் ஊருக்கு வரும்போது செகண்ட் ஹேண்டில் ஒரு சூப்பர் ஃபாமிகாம் (நின்டெண்டோவின் பழைய வீடியோ கேம் கன்சோல்) வாங்கி வந்தார். கூடவே அதன் ஒரிஜினல் அடாப்டரும் இருந்தது. பின் கன்வெர்ட்டர் போட்டு பிளக்கில் செருகினேன், கொஞ்ச நேரத்தில் கருகல் வாடை, அப்புறம் சத்தமே இல்லை. வீட்டில் சிசிடிவி கேமராவுக்கு வந்த 12 வோல்ட் அடாப்டர் ஒன்று இருந்தது. பின் சரியாகப் பொருந்தியது, அதையும் போட்டுப் பார்த்தேன். சிவப்பு லைட்கூட எரியவில்லை. தூக்கிப் போட வேண்டியதுதானா?"

வேண்டாம். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் உங்கள் கன்சோல் பிழைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. 1990-ல் வந்த இந்த மாடலில் லைட்டே எரியவில்லை என்றால், சுவரிலிருந்து போர்டில் 5 வோல்ட் உருவாகும் இடம் வரைக்கும் உள்ள பாதையில்தான் முதலில் தேட வேண்டும். அந்தப் பாதையில் இருப்பவை எல்லாம் எந்த எலக்ட்ரானிக்ஸ் கடையிலும் கிடைக்கிற மலிவான சாமான்கள்.

முதல் தவறு எங்கே நடந்தது என்றால், ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட், நமக்கு 230. பின் கன்வெர்ட்டர் பிளக்கின் வடிவத்தை மாற்றும், வோல்ட்டை மாற்றாது. அந்தப் பழைய அடாப்டருக்குள் இருப்பது சாதாரண டிரான்ஸ்ஃபார்மர், இரண்டு மடங்குக்கும் மேல் வோல்ட் ஏறினால் காயில் சூடாகிக் கருகிவிடும். நீங்கள் முகர்ந்த வாடை அநேகமாக அதுதான். அந்தக் கொஞ்ச நேரத்தில் கன்சோலுக்கும் கூடுதல் வோல்ட் போயிருக்கும். ஆனாலும் உள்ளே இருக்கும் 7805 ரெகுலேட்டர் (வருகிற வோல்ட்டை 5 வோல்ட்டாகக் குறைத்துக் கொடுக்கும் பாகம்) 35 வோல்ட் வரை தாங்கக்கூடியது, அதனால் அதன் பின்னால் இருக்கும் சிப்கள் தப்பித்திருக்கவே வாய்ப்பு அதிகம். கருகிய அடாப்டரை மறுபடி செருகிப் பார்க்காதீர்கள், அதன் கதை முடிந்தது.

இரண்டாவது விஷயம் இன்னும் முக்கியம், ஏனென்றால் பழைய கன்சோல் வாங்குகிற நிறையப் பேர் இதில்தான் மாட்டுகிறார்கள். பின் பொருந்திவிட்டது என்பதற்கும் அடாப்டர் பொருந்திவிட்டது என்பதற்கும் சம்பந்தமே இல்லை. சூப்பர் ஃபாமிகாமுக்கு வேண்டியது 10 வோல்ட் டிசி, 850 மில்லி ஆம்பியர், பின்னின் நடுவில் மைனஸ், வெளிவளையத்தில் பிளஸ். கேமரா, மோடம் அடாப்டர்கள் பெரும்பாலும் நேர் எதிர், நடுவில் பிளஸ். அடாப்டர் மேல் சின்ன வட்டம் போட்டு ஒரு பக்கம் பிளஸ், ஒரு பக்கம் மைனஸ் வரைந்திருப்பார்கள், அதைப் பாருங்கள். படத்தை மட்டும் நம்பாமல் மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து, சிவப்பு முனையை பின்னின் நடு ஓட்டைக்குள்ளும் கறுப்பை வெளிவளையத்திலும் வையுங்கள். எண்ணுக்கு முன்னால் மைனஸ் குறி வந்தால் அது உங்கள் கன்சோலுக்கு ஏற்றது. குறி இல்லாமல் 12 என்று காட்டினால் ஒதுக்கி வையுங்கள்.

சரி, எதை வாங்குவது? எலக்ட்ரிக் கிட்டார் பெடல்களுக்கான 9 வோல்ட் அடாப்டர் இசைக்கருவி கடைகளில் கிடைக்கும், அதுவும் நடுவில் மைனஸ்தான், பின் அளவும் அதே. 9 வோல்ட் இதற்குப் போதும். ஆம்பியர் மட்டும் பார்த்து வாங்குங்கள்: பெடல் அடாப்டர்களில் 500 மில்லி ஆம்பியருக்கும் குறைவானவை உண்டு, அவை பத்தாது. 1 ஆம்பியரோ அதற்கு மேலோ இருக்கட்டும், கூடுதலாக இருப்பதால் கன்சோலுக்கு ஒன்றும் ஆகாது. இதற்காக ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கச் சொன்னால் வாங்காதீர்கள், வீண் செலவு. இன்னொன்று: அமெரிக்க என்இஎஸ் (நின்டெண்டோவின் இதற்கு முந்தைய கன்சோல்) அடாப்டரும் இந்த ஓட்டைக்குள் அழகாக நுழையும், ஆனால் அதிலிருந்து வருவது ஏசி. டிசி கன்சோலில் அதைப் போடவே கூடாது.

புது அடாப்டர் போட்டதும் லைட் வந்துவிட்டால் வேலை முடிந்தது. வரவில்லை என்றால் கன்சோலைத் திறக்க வேண்டியதுதான். அடியில் இருக்கும் ஸ்க்ரூக்களுக்கு 4.5 மி.மீ. கேம்பிட் (இந்த வகை ஸ்க்ரூவுக்கான தனி ஸ்க்ரூடிரைவர் முனை) வேண்டும், ஆன்லைனில் கிடைக்கிறது. பேனா முனையை உருக்கித் திருகுவது போன்ற வித்தைகள் வேண்டாம், ஸ்க்ரூ தலை போய்விடும். கார்ட்ரிட்ஜை வெளியே தள்ளும் லீவரும் ஸ்பிரிங்கும் எப்படி உட்கார்ந்திருக்கின்றன என்று கழற்றும்போதே போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் விஷயத்தில் நான் முதலில் சந்தேகப்படுவது ஃப்யூஸை. பிளஸ் மைனஸ் மாற்றிக் கொடுத்தால் பெரும்பாலும் போவது அதுதான். பவர் சாக்கெட்டுக்குப் பக்கத்தில் போர்டில் எஃப்1 என்று அச்சிட்ட இடத்தில், பார்க்க ரெசிஸ்டர் மாதிரியே இருக்கும். அடாப்டரைக் கழற்றிவிட்டு மீட்டரை பீப் மோடில் வைத்து இரண்டு முனைகளையும் தொடுங்கள். பீப் வரவில்லையா, ஃப்யூஸ் போய்விட்டது. அதே 1.5 ஆம்பியரில் புதிது வாங்கி சால்டர் செய்யுங்கள். சென்னைக்குப் போகிற ஆள் யாராவது இருந்தால் ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கிவரச் சொல்லலாம். வீட்டு ஃப்யூஸ் கட்டையில் கம்பி சுற்றுகிற பழக்கத்தில் இங்கேயும் ஒரு கம்பியை இழுத்துக் கட்டிவிடாதீர்கள். அடுத்த முறை ஏதாவது ஆனால் ஃப்யூஸுக்குப் பதிலாக போர்டு போகும்.

ஃப்யூஸ் நன்றாக இருந்தால், அல்லது மாற்றியும் லைட் வரவில்லையென்றால், அடுத்தது 7805. உலோகத் தகட்டில் திருகிவைத்த மூன்று கால் பொருள். எழுத்து உங்களைப் பார்த்து இருக்கும்போது இடது கால் உள்ளே வருவது, நடுக்கால் கிரவுண்ட், வலது கால் வெளியே போவது. சுவிட்சை ஆன் செய்து, கறுப்பு முனையை நடுக்காலில் வைத்து இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். கை நழுவி இரண்டு கால்கள் ஒன்றாகத் தொட்டுவிடாமல் நிதானமாகச் செய்யுங்கள். இடதில் 9 வோல்ட்டுக்குப் பக்கத்தில் இருந்து வலதில் 5 வந்தால் ரெகுலேட்டர் நலம். இடதிலேயே ஒன்றும் இல்லை என்றால் பழுது அதற்கு முன்னால்: சாக்கெட்டின் சால்டர் விட்டிருக்கலாம் (பின்னை ஆட்டினால் லைட் மினுக்கி மினுக்கி வரும்), சுவிட்சுக்குள் அழுக்கு பிடித்திருக்கலாம். காண்டாக்ட் கிளீனர் அடித்து சுவிட்சைப் பலமுறை மேலும் கீழும் தள்ளினாலே சில சமயம் சரியாகிவிடும். உள்ளே 9 இருந்தும் வெளியே 5 வரவில்லை என்றால் உடனே ரெகுலேட்டரை மாற்றாமல், பவரை எடுத்துவிட்டு வலது காலுக்கும் நடுக்காலுக்கும் இடையே ரெசிஸ்டன்ஸ் பாருங்கள். பூஜ்யத்தை ஒட்டிக் காட்டினால் போர்டில் எங்கோ ஷார்ட், அதை அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் கொடுப்பதே நல்லது. இல்லையென்றால் தைரியமாக 7805-ஐ மாற்றலாம்.

இவ்வளவையும் வீட்டில் செய்யச் சொல்வதற்குக் காரணம், இந்தக் கன்சோலுக்குள் வருவது சின்ன வோல்ட் மட்டும்தான். முதல் பிளேஸ்டேஷன், சேகா சாட்டர்ன் போல பவர் சப்ளை உள்ளேயே இருக்கும் கன்சோல்கள் வேறு கதை. நம் ஊர் மின்சாரத்தில் அவற்றின் பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கும், பிளக்கை எடுத்த பிறகும் சிறிது நேரம் இருக்கும். பழக்கமில்லாதவர்கள் அதில் கை வைக்க வேண்டாம்.

சிவப்பு லைட் எரிந்து டிவியில் மட்டும் படம் வரவில்லை என்றால் அது பவர் பிரச்சினை அல்ல. கார்ட்ரிட்ஜின் உலோகப் பற்களை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்துப் போட்டுப் பாருங்கள், டிவி என்டிஎஸ்சி (ஜப்பான் கன்சோல்கள் தரும் வீடியோ முறை) சிக்னலை ஏற்கிறதா என்றும் பாருங்கள். லைட்டே வரவில்லை என்றால் ஃப்யூஸ் பீப் கொடுத்ததா, 7805-ன் இரண்டு பக்கமும் எத்தனை வோல்ட் என்று மட்டும் எழுதி அனுப்புங்கள், மேற்கொண்டு பார்க்கலாம்.