சைகோன் துறைமுகத்தைத் தரைப்படை நடத்திய கதை: கேள்வி பதில்

வியட்நாம் போரில் சைகோன் துறைமுகத்தைப் பார்த்துக்கொண்ட அமெரிக்கத் தரைப்படையின் 4ஆவது டெர்மினல் கமாண்ட் பற்றிக் கேளுங்கள் என்றிருந்தேன். நான் இருபது வருடம் துறைமுகத்தில் சரக்கு எண்ணியவன், அந்தக் கண்ணோடுதான் பதிலும் வரும்.

கடலோடி: துறைமுகம் கடற்படை வேலை இல்லையா?

அமெரிக்காவில் 1942இலேயே தரைப்படைக்கெனத் தனிப் போக்குவரத்துப் பிரிவு வந்துவிட்டது. வெளிநாட்டில் கப்பலை இறக்குவது அதன் பொறுப்பு. வியட்நாமில், வடபக்கத்துத் துறைமுகமான தா நாங் மட்டும் முதலில் கடற்படை கையில் இருந்தது.

மீனா: 1965இல் அத்தனை கப்பல்கள் ஏன் காத்துக் கிடந்தன?

நல்ல கேள்வி. எல்லோரும் துறை போதவில்லை என்பார்கள். உண்மைதான். கடலிலிருந்து ஆற்றில் எழுபது கிலோமீட்டர் உள்ளே இருக்கும் ஊர், பெரிய கப்பல் கட்டப் பத்துத் துறைதான், அதையும் ஊர் வியாபாரத்தோடு பங்கு போட வேண்டும். ஆனால் 1965 ஆகஸ்டில் இந்தப் பிரிவு வந்து இறங்கியபோது முக்கியத் தலைவலி கரையில் இருந்தது. யாரும் கேட்காமலே அமெரிக்காவிலிருந்து சரக்கை அனுப்பித் தள்ளினார்கள். வைக்கக் கிடங்கு இல்லை, எடுத்துப் போக லாரி இல்லை, எந்தப் பெட்டி யாருக்கு என்று சொல்லத் தாளும் இல்லை. ஷெட் நிரம்பிவிட்டால் கிரேன் சும்மா நிற்கும். அப்புறம் கப்பலே கிடங்காகிவிடும். வெடிமருந்தை ஊருக்குள் இறக்க முடியாது. அதை ஆற்றின் கீழ்ப்பக்கத்திலேயே பார்ஜில், அதாவது தட்டையான சரக்குப் படகில், மாற்ற வேண்டும். அதற்கும் பார்ஜ் வேண்டுமே!

செல்வம்: மாதம் எத்தனை டன் இறக்கினார்கள்?

எந்த டன்? 2,000 பவுண்டு கொண்ட ஷார்ட் டன்னா, 2,240 கொண்ட லாங் டன்னா, இல்லை 40 கன அடியை ஒரு டன்னாகக் கணக்கிடும் அளவு டன்னா? கடைசியதில் எடை கணக்கிலேயே இல்லை. பஞ்சு மெத்தையும் சிமென்டும் அதில் ஒன்றுதான். டன் எண்ணிக்கையை மட்டும் பார்த்துத் துறைமுகங்களை ஒப்பிடாதீர்கள்.

பாலா: நெரிசலைத் தீர்த்தது கன்டெய்னர்தானே? சீ-லேண்ட் கன்டெய்னர் கப்பல் நிறுவனத்தின் மால்கம் மெக்லீன் வந்துதானே காப்பாற்றினார்?

இதைக் கேட்டதும் ஆறு பேர் கூடிவிட்டார்கள். பாதிப் பேர் பாலா பக்கம், மீதிப் பேர் 'மிதவைத்துறைதான்' என்கிறார்கள்.

தேதிகளைப் பாருங்கள். மிதவைத்துறை என்று இவர்கள் சொல்வது டிலாங் துறையை; மிதந்து வந்து கால் ஊன்றி நிற்கும் மேடை அது. அமெரிக்காவின் சார்ல்ஸ்டனிலிருந்து இழுவைப்படகு இழுத்து வந்த அந்தத் துறை 1965 டிசம்பரில், சைகோனுக்கு வடகிழக்கே கடலோரத்தில் உள்ள கம் ரான் குடாவில் வேலைக்கு வந்தது. 300 அடி நீளம், 90 அடி அகலம், பார்க்க ஒரு பெரிய பார்ஜ். அதன் ஓட்டைகள் வழியே இரும்புக் குழாய்க் கால்களைக் கீழே இறக்கி, காற்றழுத்த ஜாக்கிகளால் மேடையைத் தண்ணீருக்கு மேலே ஏற்றி நிறுத்திவிடுவார்கள். மெக்லீனின் சீ-லேண்ட் கப்பல் 35 அடிப் பெட்டிகளோடு தா நாங் வந்ததோ 1967 ஆகஸ்டில். கம் ரானில் பெட்டி இறங்கியது அதற்கும் பிறகு. அதற்குள் சைகோனில் ஆற்றின் மேல்பக்கத்தில் 'நியூபோர்ட்' துறையும் திறந்தாயிற்று. ஆக, முதலில் மூச்சுவிட வைத்தது துறையும் பார்ஜும்.

பாலா விடவில்லை: "கன்டெய்னரால் ஒன்றுமே இல்லையா?"

அப்படிச் சொல்லவில்லை, தம்பி. சீ-லேண்ட் கிரேன், லாரி, ஆள் எல்லாவற்றையும் தானே கொண்டுவந்தது. முகவரியோடு பூட்டிய பெட்டி நேரே உள்நாட்டு முகாமுக்குப் போனால் ஷெட் எதற்கு? நான் மேலே சொன்ன கரைப் பிரச்சினைக்குச் சரியான மருந்து அது. ஆனால் காய்ச்சல் இறங்க ஆரம்பித்த பிறகு வந்த மருந்து. இன்னொருவர் கப்பலுக்கு இத்தனை டன் என்று கணக்குப் போட்டுக் காட்டுகிறார். ஐயா, எந்த டன்?

ரகு: துறைமுகத்துக்குக் கடற்படைதானே போகணும்?

முதல் பதிலைப் பாருங்கள்.

ஜெனி: 2024இல் காசாவில் போட்ட மிதவைத்துறையும் இவர்கள்தானா?

இதே பிரிவு இல்லை. வர்ஜீனியாவிலுள்ள 7ஆவது போக்குவரத்துப் பிரிகேட், அதே தரைப்படைப் போக்குவரத்துப் பிரிவின் ஆட்கள். மே மாதம் திறந்தார்கள், சில நாளில் அலை உடைத்தது, ஜூலையில் மூடிவிட்டார்கள். திறந்த கடலில் மிதவையை நம்பாதீர்கள். கம் ரான் மலை சூழ்ந்த குடா, அங்கே நின்றதும் கால் ஊன்றிய மேடை.

அனிதா: கடற்படை ஏன்...

மேலே பாருங்கள் அம்மா, மேலே.

இளங்கோ: இப்போது போனால் நியூபோர்ட்டைப் பார்க்கலாமா?

துறை இல்லை. அந்த இடத்தில் குடியிருப்பும் 81 மாடி லேண்ட்மார்க் கோபுரமும் நிற்கின்றன. பெயர் மட்டும் இருக்கிறது: தான் காங், 'புதுத் துறை'. அந்தப் பெயரில் நடக்கும் நிறுவனத்தின் கன்டெய்னர்கள் இப்போது இறங்குவது ஆற்றின் கீழ்ப்பக்கத்துக் கட் லாயில், அன்று வெடிமருந்தை பார்ஜில் மாற்றிய அதே கரையில். அந்த நிறுவனத்தை நடத்துவது யார் தெரியுமா? வியட்நாம் கடற்படை. ரகு, உங்களுக்குச் சந்தோஷம்தானே?