ஆறு யூனிட் எம்-சாண்ட் ஏற்றிய லாரியின் எடை எவ்வளவு?

கேள்வி: எங்கள் ஊருக்கு அப்பால் இருக்கும் கிரஷரிலிருந்து எம்-சாண்டும் ஜல்லியும் ஏற்றிய பத்துச் சக்கர டிப்பர் லாரிகள் இரவும் பகலும் ஊர்ச் சாலை வழியாகவே போகின்றன. சென்ற ஆண்டு போட்ட சாலையில் இப்போதே சக்கரத் தடத்தில் பள்ளம் விழுந்துவிட்டது. அளவுக்கு மேல் பாரம் ஏற்றுகிறார்கள் என்பதை எடைமேடை இல்லாமல் நாங்கள் எப்படி நிரூபிப்பது? மறியலைத் தவிர வேறு வழி உண்டா? (ஊராட்சி வார்டு உறுப்பினர் ஒருவர்)

பதில்: மறியல் வேண்டாம். பாரம் ஏற்றிய டிப்பரின் குறுக்கே ஆட்கள் நிற்பது உயிருக்கே ஆபத்து என்பதோடு, வண்டியை நிறுத்தி எடை போடச் சொல்லும் அதிகாரம் சட்டப்படி அரசு அலுவலருக்கு மட்டுமே உண்டு. ஆனால் அந்த அலுவலர் நம்பிக்கையோடு வந்து நிற்பதற்கு வேண்டிய கணக்கை நீங்கள் தயார் செய்ய முடியும். அதற்கு ஓர் அளவு நாடா போதும்.

காலி வண்டி ஒன்று தேநீர்க் கடையில் நிற்கும்போது, ஓட்டுநரின் சம்மதத்தோடு அதன் பெட்டியின் உள் நீளம், அகலம், உயரம் ஆகியவற்றை அடியில் அளந்து பெருக்கி நூறால் வகுத்தால், எத்தனை யூனிட் பிடிக்கும் என்பது தெரிந்துவிடும். ஒரு யூனிட் என்பது நூறு கன அடி. எம்-சாண்ட் ஒரு யூனிட் ஏறத்தாழ நாலரை டன் இருக்கும். ஈரமாக இருந்தால் இன்னும் கூடும். 2018 ஜூலையில் மத்திய அரசு வெளியிட்ட அறிவிக்கையின்படி மூன்று அச்சுள்ள பத்துச் சக்கர லாரியின் மொத்த எடை வரம்பு 25 டன்னிலிருந்து 28.5 டன்னாக உயர்ந்தது. எனினும் ஒவ்வொரு வண்டிக்கும் அதன் ஆர்.சி.யில் (பதிவுச் சான்றில்) பதிவான எடையே செல்லும் என்பதால், பழைய வண்டியாக இருந்தால் அதை முதலில் பார்க்க வேண்டும். காலி டிப்பர் சுமார் 11 டன் என்று கொண்டால், ஏற்றத் தக்கது 17.5 டன், அதாவது நான்கு யூனிட்டுக்கும் சற்றுக் குறைவு. பெட்டிக்கு மேல் பலகை உயர்த்தி, குவித்து, ஆறு யூனிட் ஏற்றினால் மொத்தம் 38 டன்னாகிவிடும்.

வண்டியின் பாரத்தைத் தாங்கும் வில்பட்டைகள் நிமிர்ந்து போவதும், இரட்டைச் சக்கரங்களின் டயர்கள் ஒன்றையொன்று உரசுவதும் அடையாளங்களே தவிர ஆதாரமாகா. ஆனால் ஒன்றைக் குறிப்பாகக் கவனியுங்கள்: பன்னிரண்டு சக்கர வண்டிகள் சிலவற்றில் தேவைப்படும்போது இறக்கிக்கொள்ளும் லிஃப்ட் ஆக்சில் உண்டு. டயர் தேயாமல் இருக்க, பாரத்தோடு ஓடும்போதும் அதைத் தூக்கியே வைத்திருந்தால், மொத்த எடை வரம்புக்குள் இருந்தாலும் மற்ற அச்சுகளில் எடை மீறிவிடும். சாலையை உடைப்பது மொத்த எடையை விட அச்சு எடைதான். அமெரிக்காவின் இல்லினாய்ஸில் 1958 முதல் 1960 வரை நடந்த சாலைச் சோதனை, சேதம் ஏறக்குறைய அச்சு எடையின் நான்காம் படி விகிதத்தில் கூடுவதைக் காட்டியது. ஓர் அச்சில் எடை ஒன்றரை மடங்கானால் சேதம் ஐந்து மடங்காகும். இரு மடங்கானால் பதினாறு மடங்காகும். குறைந்த போக்குவரத்துக்காகக் கனம் குறைத்துப் போடப்படும் ஊர்ச் சாலை அதைத் தாங்காது. ஆகவே ஒப்பந்தக்காரரின் வேலைத் தரத்தை மட்டும் குறை சொல்வது பல இடங்களில் நியாயமாகாது.

சாலையில் பதித்த உணரிகளின் மேல் வண்டி ஓடும்போதே எடை காட்டும் கருவிகள் சுங்கச்சாவடிகளில் உண்டு. வேகத்தில் சக்கரம் துள்ளுவதால் அதன் எடை கூடியும் குறைந்தும் காட்டும்; சந்தேகத்துக்குரிய வண்டியைப் பிரித்தெடுக்க அது உதவும், வழக்குக்கு முத்திரையிட்ட எடைமேடையின் சீட்டே வலுவானது. அந்த முத்திரை ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டியது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 114ஆம் பிரிவு, வண்டி செல்லும் திசையில் எந்த இடத்திலிருந்தும் 10 கிலோமீட்டருக்குள் உள்ள எடைமேடைக்கு அதைக் கொண்டுபோகச் சொல்லலாம் என்கிறது. எனவே உங்கள் புகாரோடு, லாரிகள் போகும் வழியில் எடைமேடைகள் எங்கெங்கே உள்ளன என்ற வரைபடத்தையும், அவை அதிகம் ஓடும் நேரத்தையும் இணைத்து, வட்டாரப் போக்குவரத்து அலுவலருக்குக் கொடுங்கள்.

பிடிபட்டால் அதே சட்டத்தின் 194ஆம் பிரிவின்படி அபராதம் 20,000 ரூபாய், அதோடு கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். மேலே சொன்ன லாரிக்கு இது 38,000 ரூபாய்க்குக் குறையாது. எடை போட மறுத்து ஓடினால் 40,000 ரூபாய். இதைவிட முக்கியமானது, கூடுதல் பாரத்தை இறக்காமல் வண்டி நகரக் கூடாது என்பது. அபராதம் கட்டிவிட்டு அதே பாரத்தோடு போக விடுவது சட்டவிரோதம் என்று உச்ச நீதிமன்றம் 2005இல் பரம்ஜித் பாசின் வழக்கில் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. எனவே 'பாரம் இறக்கப்பட்டதா?' என்பதே நீங்கள் ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டிய கேள்வி.

உண்மையான தடுப்பு சாலையில் இல்லை, ஏற்றுமிடத்தில் இருக்கிறது. வண்டியை ஓட்டுபவரை மட்டுமல்ல, அப்படி ஓட்ட வைப்பவரையும் அனுமதிப்பவரையும் அதே 194ஆம் பிரிவு பொறுப்பாக்குகிறது. நடை ஒன்றுக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் ஓட்டுநர் மட்டும் தண்டிக்கப்படுவதும், அவருடைய உரிமம் முடக்கப்படுவதும் எனக்கு வேதனை தருகிறது. கிரஷரிலிருந்து புறப்படும் ஒவ்வொரு லோடுக்கும் நடைச்சீட்டு, அதாவது கனிமத்தைக் கொண்டுசெல்லும் அனுமதிச் சீட்டு, உண்டு. அதில் எழுதிய அளவையும் எடைச்சீட்டையும் ஒப்பிட்டாலே பெரும்பாலான மீறல் வெளிப்படும். அந்தப் பதிவுகளின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தின்படி மாவட்டக் கனிமவளத் துறை அலுவலகத்தில் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும்.

சாலையின் குறுக்கே உயரத் தடுப்பு வைக்கும் யோசனை சில ஊர்களில் எழுகிறது. அது தீயணைப்பு வண்டியையும் பேருந்தையும் சேர்த்தே நிறுத்திவிடும். அதற்குப் பதிலாக, சாலையின் தன்மை கருதிக் கனரக வாகனங்களைக் கட்டுப்படுத்த மோட்டார் வாகனச் சட்டத்தின் 115ஆம் பிரிவு இடமளிக்கிறது என்பதைச் சுட்டி, கிராமசபைத் தீர்மானத்தோடு மாவட்ட ஆட்சியரிடம் மனுக் கொடுங்கள். ஒரு மாதத்துக்கு மேற்படாத கட்டுப்பாட்டுக்கு அரசிதழ் அறிவிக்கை தேவையில்லை, உள்ளூரில் தெரிவித்தால் போதும். வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் இதைக் கேட்பது நல்லது. அடிமண் ஈரம் குடித்து இளகியிருக்கும் அந்த வாரங்களில்தான் உங்கள் சாலை மிக வேகமாக உடைகிறது.